பாம்பன் கரையிலிருந்து விக்டோரியா ஏரிக்கரைக்கு: மறைப்பணிக்குப் போகும் இளைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நம் கடற்கரையில் ஒரு பையன் வெளிநாடு போகிறான் என்றால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "குவைத்தா, சவூதியா?" அடுத்தது, "சம்பளம் எவ்வளவு?" மறைப்பணிக்கு, அதாவது திருச்சபையின் மிஷன் வேலைக்கு, போகிறவரிடம் ஊர் எதிர்பார்க்கும் பதில் இரண்டுக்குமே இருக்காது. அந்தச் சங்கடத்தில் தொடங்கி, திரும்பி வந்து பங்குக் கோவிலில் பேசும் நாள் வரைக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

தான்சானியாவில் விக்டோரியா ஏரியை ஒட்டிய கத்தோலிக்கப் பங்குகளுக்குப் போகிற பிரதர்கள், சிஸ்டர்கள், பொதுநிலைத் தொண்டர்கள் (துறவறம் ஏற்காத சாதாரண விசுவாசிகள்) ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன். எனக்குப் பழக்கமான கரை அது. வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்களும் காகித விவரங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அன்றாட வாழ்க்கை எங்கே போனாலும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் நீங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கப் போவதில்லை. விருந்தாளியாகப் போய், விருந்தாளியாக உட்கார்ந்து, கற்றுக்கொள்ளப் போகிறீர்கள். இது நம் ஊருக்குப் புதிது இல்லை. இத்தாலியின் பார்மா பக்கத்திலிருந்து வந்த இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி 1549-இல் மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் கொல்லப்பட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1673-இல் இந்தியாவுக்கு வந்தார். பண்டாரச்சாமி உடையில், புலால் தொடாமல், தமிழ் பேசி வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் அவரை வெட்டினார்கள். அந்தச் செம்மண்ணை இன்றும் மக்கள் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். நம் சோற்றையும் பேச்சையும் முதலில் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். இப்போது கற்றுக்கொள்ள வேண்டியது நம் முறை.

முதல் படி: யார் வழியாகப் போகிறீர்கள்?

தனியாகக் கிளம்பிப் போகிற வேலை இல்லை இது. துறவற சபையில் சேர்ந்து, நவதுறவகம் என்ற தொடக்கப் பயிற்சியை முடித்து, வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்த பிறகு சபை அனுப்புவது ஒரு வழி. மறைமாவட்டக் குருவாக இருந்தால் ஆயரின் அனுமதியோடு வேறொரு மறைமாவட்டத்துக்குக் கடனாகப் போகலாம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் ஆப்பிரிக்காவை நினைத்து எழுதிய சுற்றுமடல்தான் இந்த வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டது. ஆசிரியர், நர்ஸ், எலக்ட்ரீஷியன் என்று கைத்தொழில் உள்ளவர்கள் பொதுநிலைத் தொண்டராகச் சில காலம் போகலாம்.

எந்த வழியாக இருந்தாலும் பங்குச் சாமியாரிடம் முதலில் பேசுங்கள். அவர் தரும் கடிதம், ஞானஸ்நானச் சான்று, உறுதிபூசுதல் சான்று மூன்றும் எல்லா இடத்திலும் கேட்கப்படும். ராமநாதபுரம் மாவட்டம் சிவகங்கை மறைமாவட்டத்தில் இருப்பதால் மறைமாவட்ட அளவிலான கையெழுத்துக்கு அங்கே போய் வர வேண்டியிருக்கும்.

ஏதோ ஒரு முகநூல் பக்கத்தில், "உடனே ஆப்பிரிக்க மிஷன், செலவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள்" என்று வருகிற அழைப்பை நம்பி ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

இரண்டாம் படி: வீட்டில் பேசுவது

இதுதான் கடினமான படி. விசா வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மீன்பிடிக் குடும்பத்தில் ஒரு மகன் போனால் வள்ளத்தில் ஒரு ஆள் குறைகிறது. வலைக்கு வாங்கிய கடன், வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், அக்காவின் கல்யாணம் எல்லாம் அந்த ஆளை நம்பி நிற்கின்றன. எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகு பிடிபட்டுவிட்டால் வக்கீலுக்கும் அலுவலகத்துக்கும் அலைய வீட்டில் ஒரு இளைஞன் வேண்டும் என்று அம்மா நினைப்பதில் தப்பில்லை. இதையெல்லாம் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்ற ஒரே வாக்கியத்தில் மூடிவிடாதீர்கள். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவர்தான் கடன் எவ்வளவு, யார் கட்டுவது, நீங்கள் இல்லாத காலத்தில் யார் கூட நிற்பது என்று தாளில் எழுதிக் கணக்குப் பார்க்க வேண்டும்.

பேச நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், அப்பாவும் வீட்டில் இருப்பார். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதலில் அம்மாவிடம், அப்புறம் தாய்மாமாவிடம், அதன் பிறகு அப்பாவிடம் என்பது நம் பக்கத்து வழக்கம். அதை மீறிப் பிரயோஜனம் இல்லை.

பணம் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சபையில் இருப்பவருக்குச் சொந்தச் சம்பளம் கிடையாது. தொண்டருக்குக் கிடைப்பது கைச்செலவுக்குத்தான். "கொஞ்ச நாள் கழித்து அனுப்புகிறேன்" என்று மழுப்பினால் அந்தக் கொஞ்ச நாளை வீடு எண்ணிக்கொண்டே இருக்கும்.

மூன்றாம் படி: பெயரும் காகிதமும்

நம் கரையில் பலருக்கு மூன்று பெயர் உண்டு. ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் எழுத்துப்பிழையோடு இன்னொன்று. பாஸ்போர்ட்டுக்கு இனிஷியல் மட்டும் போதாது, அதை விரித்து எழுத வேண்டும். எனவே விண்ணப்பம் போடும் முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். ஞானஸ்நானப் பெயர் வேறாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

நமக்கு மதுரைப் பாஸ்போர்ட் அலுவலகம். போலீஸ் விசாரணைக்கு வருகிறவரிடம் "மிஷன் வேலைக்குப் போகிறேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள், அதில் மறைக்க எதுவும் இல்லை. போலீஸ் கிளியரன்ஸ் சான்றும் அந்த அலுவலகம் வழியாகவே வரும். படிப்புச் சான்றிதழ்களுக்கு எந்த வகை அத்தாட்சி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுப்புகிற சபையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தான்சானியாவில் வெளிநாட்டு மறைப்பணியாளர்களுக்கு உள்ளது 'சி' வகுப்பு வதிவிட அனுமதி. அதை அங்கே உள்ள மறைமாவட்டமோ சபையோதான் விண்ணப்பித்து வாங்கித் தரும். "முதலில் டூரிஸ்ட் விசாவில் வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும், சாமியாரே சொன்னாலும், கிளம்பாதீர்கள். பிடிபட்டால் உங்கள் பெயர் மட்டும் கெடாது, அடுத்து வருகிறவருக்கும் கதவு மூடிவிடும்.

நான்காம் படி: ஊசியும் மருந்தும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மஞ்சள் அட்டை ஒன்று தருவார்கள். 2016 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் இருந்துவிட்டு அட்டை இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.

மலேரியாவை நம் ஊர்க் காய்ச்சல்போல நினைக்காதீர்கள். ஏரிக்கரையில் அது ஆளைக் கொல்லும் வகை. இரவில் கொசுவலை கட்டாயம். காய்ச்சல் தொடங்கினால் பாரசிட்டமால் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

அடுத்தது நம் பிள்ளைகளுக்கென்றே எழுதுவது. தண்ணீரைப் பார்த்தால் குதிக்கிற கூட்டம் நாம். விக்டோரியா ஏரி ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர், மறுகரை தெரியாது. பார்த்தால் கடல் என்றுதான் தோன்றும், ஆனால் உப்பு கிடையாது. கரையோரத் தண்ணீரில் உள்ள நத்தைகள் வழியாகப் பில்ஹார்சியா என்னும் புழு நோய் தோலுக்குள் இறங்கிவிடும். ஊர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்களே என்று நீங்களும் இறங்க வேண்டாம். அவர்களுக்கும் அந்த நோய் இருக்கிறது. முதலையும் நீர்யானையும் இருக்கிற இடங்களும் உண்டு. படகில் போய்த் தண்ணீர் பட்டுவிட்டால் டாக்டரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், மருந்து இருக்கிறது.

ஐந்தாம் படி: பெட்டி கட்டுவது

தமிழ் விவிலியம், செபமாலை, தமிழ்ப் பாட்டுப் புத்தகம், சான்றிதழ்களின் நகல், மூன்று சதுர முனை உள்ள பிளக்குக்கான அடாப்டர், நல்ல டார்ச், கண்ணாடி போடுகிறவராக இருந்தால் இன்னொரு ஜோடி. துணி குறைவாகப் போதும். அங்கே கித்தேங்கே, காங்கா என்று அழகான துணிகள் கிடைக்கின்றன, தையல்காரரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்.

பிளாஸ்டிக் கைப்பைகளை 2019 ஜூன் முதல் தான்சானியா தடை செய்துவிட்டது. அம்மா கேரி பேக்கில் சுற்றி வைப்பதையெல்லாம் துணிப்பையில் மாற்றுங்கள்.

கொஞ்சம் முண்டு மிளகாய்ப் பொடி எடுத்துக்கொள்ளலாம். கருவாடு வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் சிக்கல் என்பது ஒரு பக்கம். போகிற இடத்தில் 'டகா' என்ற பொடிமீனை மணலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். காற்று அடிக்கும்போது பாம்பன் வாசனை தானாக வரும்.

ஆறாம் படி: முதல் மாதங்கள், மொழி

பூசை, பள்ளிக்கூடம், சந்தை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் சுவாஹிலியில்தான் நடக்கும். ஆங்கிலம் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் சமாளிக்கலாம், கிழவியிடம் பேச முடியாது. சபை உங்களை மொழிப் பள்ளிக்கு அனுப்பினால் அந்த மாதங்களைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தமிழருக்கு இது கடினமான மொழி இல்லை. எழுதியபடியே உச்சரிப்பு, வினைச்சொல்லோடு ஆளும் காலமும் ஒட்டிக்கொள்ளும் முறை நமக்குப் பழகியது. பெயர்ச்சொல் வகுப்புகள்தான் படுத்தும்.

முதலில் வணக்கம் சொல்லப் பழகுங்கள். பெரியவர்களைக் கண்டால் "ஷிகாமோ" என்று சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹாபா" என்று ஏற்றுக்கொள்வார்கள். இதைச் சொல்லாமல் கடந்து போகிற இளைஞரை, எத்தனை பட்டம் படித்திருந்தாலும், வளர்ப்பு சரியில்லை என்றுதான் நினைப்பார்கள். கத்தோலிக்கர் ஒருவரை ஒருவர் பார்த்தால் "தும்சிஃபு யேசு கிறிஸ்து" என்பார்கள், பதில் "மிலேலே, அமினா". நம் ஊரில் "இயேசுவுக்கே புகழ்" என்றால் "மரியே வாழ்க" என்பதில்லையா, அப்படி.

மணி விஷயத்தில் கவனம். சுவாஹிலிக் கணக்கில் பகல் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அங்கே ஒரு மணி. "நாளை மூன்று மணிக்குக் கூட்டம்" என்றால் காலை 9. நம் பழைய நாழிகைக் கணக்கும் விடியலில்தானே தொடங்கியது. யாராவது நேரம் சொன்னால் "காலையா, மாலையா" என்று கேட்டுத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

சாப்பாடு பெரும்பாலும் உகாலி. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய கெட்டிக் களி, கூட பீன்ஸ் அல்லது கீரை அல்லது மீன். கைகழுவத் தண்ணீர் ஊற்றுவார்கள், வலது கையால் உருட்டிக் குழித்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த தொண்டர்கள் இதைப் பயிற்சி எடுத்துப் பழகுவதைப் பார்த்து நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

தெருப் பிள்ளைகள் "ம்ஹிந்தி" என்று கூப்பிடுவார்கள். இந்தியர் என்றால் அங்கே பெரும்பாலும் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பங்கள்தான் நினைவுக்கு வரும். நீங்களும் கடைக்காரர், பணக்காரர், கோவிலுக்கு வழிதவறி வந்தவர் என்று நினைத்தால் கோபிக்காதீர்கள். ஞாயிறு பூசையில் பாட்டுக்குழுவோடு நின்று பாடினால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஏழாம் படி: ஒரு நாள் எப்படிப் போகும்

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் விழும். அது ஒழுங்குக்கு உதவும். விடியும் முன் எழுந்து தனிச் செபம், அப்புறம் சமூகமாகத் திருப்புகழ்மாலை (சங்கீதங்கள் சொல்லும் பொதுச் செபம்), பூசை, தேநீர். காலையில் பள்ளிக்கூடமோ மருந்தகமோ தோட்டமோ. மதியம் வெயில். மாலையில் வீடு சந்திப்பு. இரவு கரண்டு இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் தூக்கம். நடுவே துணி துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, சமையல் முறை, ஜெனரேட்டருக்கு டீசல். மறைப்பணி என்றால் நாளெல்லாம் பிரசங்கம் என்று கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் இந்தத் துவைப்பில்தான் சோர்கிறார்கள்.

பங்கு பெரிதாக இருக்கும், கிளைப்பங்குகள் பல. சாமியார் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் போக முடியாது. அங்கெல்லாம் வழிபாட்டை நடத்துவது கட்டேகிஸ்டா, அதாவது நம் பாட்டன் காலத்து உபதேசியார். அந்த மனிதரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டில் நோயாளி, எந்த இரண்டு வீட்டுக்குள் பேச்சு இல்லை, எந்தப் பாட்டு இழவுக்குப் பாடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

வாரம் ஒருமுறை 'ஜுமுயா' கூடும். பத்துப் பதினைந்து வீடுகள் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்து, செபித்து, யாருக்கு என்ன உதவி என்று பேசுவார்கள். அன்பியத்தில் வளர்ந்த நமக்கு அது அந்நியமே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களிலேயே இதைப் பங்கு வாழ்க்கையின் அடிப்படையாக வைத்துவிட்டார்கள். போய் ஓரமாக உட்காருங்கள். விளக்கம் சொல்லச் சொன்னாலும் முதல் சில மாதங்கள் சொல்லாதீர்கள், கேளுங்கள்.

மீனவர்களைப் பார்க்க வேண்டுமானால் நிலவைப் பாருங்கள். டகா பிடிப்பவர்கள் இருட்டு இரவில் விளக்கு வைத்து ஏரிக்குள் போவார்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெளிச்சம் அதிகம், தொழில் மந்தம், ஆட்கள் கரையில். வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்து ஒரு கண்ணியை நீங்களும் சரியாகப் போட்டுக் காட்டினால், மொழிப் பள்ளி திறக்காத கதவு திறக்கும்.

முஸ்லிம் வீடுகளும் அந்தக் கரையில் உண்டு. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் பக்கத்தில் வளர்ந்தவருக்கு இதில் பாடம் தேவையில்லை. நோன்புக் காலத்தில் அவர்கள் முன்னால் தின்றுகொண்டு நடக்கக்கூடாது என்பதும், பெருநாள் சாப்பாட்டுக்கு அழைத்தால் போக வேண்டும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

எட்டாம் படி: விசுவாசம் வறளும்போது

வறளும். பெரும்பாலும் முதல் ஆர்வம் அடங்கிய பிறகு, மொழி பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற காலத்தில். பூசையில் வார்த்தை புரியும், மனசு ஒட்டாது. ஊர்க் கோவிலில் கொடியேற்றம் என்று தங்கச்சி வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பும் இரவில் இன்னும் மோசமாக இருக்கும்.

தனிச் செபத்தைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் செபம் சுவாஹிலியில் ஓடட்டும். அழுகிற மொழியில்தான் கடவுளோடு பேச முடியும். பெரிய வியாழன் இரவில் நம் ஊர் ஒப்பாரிப் பாட்டு நினைவுக்கு வந்தால் அறையில் உட்கார்ந்து பாடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

தனியாக இருக்காதீர்கள். ஆப்பிரிக்காவுக்கென்றே 1868-இல் 'வெள்ளைத் தந்தையர்' சபையைத் தொடங்கிய பேராயர் லாவிஜெரி, ஓர் இல்லத்தில் மூன்று பேருக்குக் குறையக்கூடாது என்று விதி வைத்தார். மக்களின் மொழி, உணவு, உடை என்பதும் அவர் விதிதான். மூன்று பேர் விதிக்குக் காரணம் அங்கே போனால் புரியும். இருவர் என்றால் சண்டை வந்தபின் பேச ஆளில்லை. மாதம் ஒருமுறையாவது ஆன்ம குருவிடம் பேசுங்கள். உங்கள் இல்லத் தலைவரே ஆன்ம குருவாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் சிக்கல் உண்டு. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், யாரையும் பார்க்கப் பிடிக்காமல் வாரக்கணக்கில் போனால் அது செபக்குறை இல்லை. டாக்டரிடம் போக வேண்டும், தேவையானால் ஊருக்குத் திரும்பவும் வேண்டும். பாதியில் திரும்பியவர் தோற்றவர் என்ற பேச்சு நம் ஊரில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை.

ஒன்பதாம் படி: பணம், போட்டோ, வாக்கு

கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், மருந்து, கூரைத் தகடு. தனிப்பட்ட முறையில் கொடுக்கத் தொடங்கினால் ஊர் இரண்டாகப் பிரியும், கொடுத்த வீடு கொடுக்காத வீடு என்று. இல்லத்தின் பொதுப் பணத்திலிருந்து, உபதேசியாரும் ஜுமுயாவும் சொல்லும் ஒழுங்கில் போகட்டும். "பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள், அங்கே அது ஆமாம் என்றே கேட்கும். அங்கே பணம் போவது வருவதெல்லாம் எம்-பெசா போன்ற மொபைல் கணக்கில்தான், சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும்.

பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நம் கரையில் சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் மூக்கு ஒழுகும் பிள்ளைகளையே தேடிப் பிடித்துப் படம் எடுத்தபோது நமக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

பத்தாம் படி: வீட்டோடு பேசுவது

இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 6.30 என்றால் வீட்டில் இரவு 9. வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்று மட்டும் பேசுங்கள். தினமும் பேசினால் உடம்பு ஏரிக்கரையிலும் மனசு பாம்பனிலும் இருக்கும். வாரங்கள் விட்டுவிட்டால் அம்மா சாமியாரிடம் போய் நிற்பார். காய்ச்சல் வந்தால் குணமான பிறகு சொல்லலாம். காற்று அடித்து வள்ளம் திரும்பாவிட்டால் அவர்களும் அப்படித்தான், திரும்பிய பிறகே உங்களிடம் சொல்வார்கள்.

பதினொன்றாம் படி: திரும்பி வருவது

வந்த பிறகு சில மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், சாதாரணக் காய்ச்சலாகத் தோன்றினாலும், "ஆப்பிரிக்காவில் இருந்தேன், மலேரியா பாருங்கள்" என்று டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

அக்டோபர் மறைபரப்பு ஞாயிறு சமயத்தில் ஊரில் இருந்தால் பூசையில் பேசச் சொல்வார்கள். வறுமைக் கதை சொல்லி உண்டியலை நிரப்ப வேண்டாம். அவர்களுடைய பூசை இரண்டு மூன்று மணி நேரம் நீள்வதை, காணிக்கையாகக் கோழியும் சோளமும் ஏந்தி ஆடிக்கொண்டு வருவதை, இருட்டில் ஏரிக்குள் விளக்குகள் போவதைச் சொல்லுங்கள். கேள்வி நேரத்தில் யாராவது, "எத்தனை பேரை மனம் திருப்பினீர்கள்?" என்று கேட்பார், நிச்சயம் கேட்பார். அந்த ஏரிக்கரைக்கு நற்செய்தி 1880-களிலேயே போய்விட்டது. நான்கு தலைமுறையாகச் செபமாலை சொல்லும் வீடுகள் அங்கே இருக்கின்றன, அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பதில் சொல்லிவிட்டு உட்காரலாம்.